வாசகர் கேள்வி – பதில்: மழை, மர்மப் படம், மலாய் எழுத்து

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தும் (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் நம் வாயில் மாறவில்லை) சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஞாயிறு மத்தியானம் சோறு உண்ட களைப்பில் பார்க்கும் அமெரிக்க மர்மப் படங்களைப் பற்றித்தான் அத்தனையும். தியேட்டருக்குப் போகாமல் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் ஹால்மார்க் (அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம்) வகைப் படங்கள் இவை. ரத்தம் தெறிக்காது. பேக்கரிக்காரியோ நூலகரோ பழஞ்சாமான் கடைக்காரியோ துப்புத் துலக்குவார். அதே ஆட்கள் அடுத்த படத்திலும் வருவார்கள்.

ஒரே தொடரில் ஏழெட்டுப் படம் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் கதாநாயகன், கதாநாயகி இருவருக்கும் நிச்சயதார்த்தம். மறுவாரம் இருவரும் அப்போதுதான் அறிமுகமாகிறார்கள். எது முதல், எது அடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– தையல்காரர், தாமான் வாசகி

மறு ஒளிபரப்பில் யாரும் வரிசை பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் படத்தை ஜூனில்கூடப் போடுவார்கள். நம்பகமான அடையாளம் படத்தின் கடைசி வரியில் இருக்கிறது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்ததும் உரிமை ஆண்டு ரோமன் எழுத்தில் வரும். எம் எம் எக்ஸ் வி என்றால் 2015. எம் எம் எக்ஸ் ஐ எக்ஸ் என்றால் 2019. எம் எம் எக்ஸ் எக்ஸ் ஐ என்றால் 2021. ஒன்றிரண்டு விநாடிதான் நிற்கும் என்பதால் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில நிலையங்கள் அந்தப் பகுதியை ஓரமாகச் சுருக்கிவிடும், அல்லது வெட்டியே விடும். அப்போது விரலைப் பாருங்கள். மோதிரம் இருக்கிறதா? துப்பறியும் போலீஸ்காரரைக் கதாநாயகி பதவி சொல்லி அழைக்கிறாரா, பெயர் சொல்லியா? போலீஸ்காரர் வீட்டுக்குள் வரும்போது கதவைத் தட்டுகிறாரா, நேரே அடுப்பங்கரைக்குப் போய்க் கோப்பையை எடுக்கிறாரா? ஆண்டுக் கணக்கைவிட இது சில நேரம் துல்லியமாக இருக்கும்.

இரண்டு இடத்தில் கால் இடறும். பேக்கரிக்காரி ஹன்னா வரும் படங்கள் 2015-இல் ‘மர்டர், ஷீ பேக்ட்’ என்ற பெயரில் தொடங்கின. 2021-இல் ‘ஹன்னா ஸ்வென்சன் மிஸ்டரீஸ்’ என்று பெயர் மாறியது. இரண்டையும் வெவ்வேறு தொடர் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. மற்றது நூலகர் அரோரா டீகார்டன் தொடர். 2015-இல் தொடங்கிய இதற்கு 2023-இல் ஒரு முன்கதை வந்தது. இளவயது அரோராவாக வேறொரு நடிகை நடித்தார். அங்கே ஆண்டை மட்டும் நம்பினால் கதை பின்னுக்குப் போகும்.

கொலை அந்தந்தப் படத்திலேயே முடிந்துவிடும், அதை எந்த வரிசையிலும் பார்க்கலாம். முதல் படம், காதலைச் சொல்லும் படம், கல்யாணப் படம் மூன்றையும் மட்டும் வரிசையில் பிடித்தால் போதும்.

என் வீட்டுக்காரர் படம் தொடங்கி அரை மணியில் “இவன்தான்” என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஏற்கெனவே பார்த்துவிட்டு நடிக்கிறாரா?
– பாலர் பள்ளி ஆசிரியை

நடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் படங்கள் கண்டுபிடிக்க முடிகிற மாதிரிதான் எடுக்கப்படுகின்றன. ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். அதில் முதல் விதி, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. தொலைக்காட்சி மர்மப் படம் இந்த விதியை மீறுவது அபூர்வம். முதல் இருபது நிமிடத்தில் முகம் காட்டாத ஆள் கடைசியில் கொலையாளியாக வந்தால் பார்க்கிறவர்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள், அடுத்த படத்துக்கு வரமாட்டார்கள்.

பிறகு காசுக் கணக்கு. இவ்வகைப் படங்களில் பலவும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் எடுத்து முடிக்கப்படுகின்றன. மூன்று வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் தேவையில்லாத நடிகர் ஒருவரையும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே நன்றாக நடிக்கத் தெரிந்த, ஓரளவு தெரிந்த முகம் ஒன்று சும்மா வந்து சும்மா போகிறது, காப்பி ஊற்றிக் கொடுக்கிறது, “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்கிறது என்றால், அந்த முகத்துக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் வேலை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் பிடிப்பது இதைத்தான் என்று நினைக்கிறோம். இது நடிகர் தேர்வை வைத்துக் கண்டுபிடிப்பது. கொஞ்சம் கள்ளாட்டம்.

நேர்மையாக ஆட வேண்டுமென்றால் நேரத்தைப் பாருங்கள். விளம்பரத்தோடு இரண்டு மணி நேரம் பிடிக்கும் படத்தில் கதை மட்டும் 85 நிமிடத்துக்கு அக்கம்பக்கம். அதை எட்டு, ஒன்பது துண்டாக நறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் யாரோ ஒருவர் மேல் சந்தேகம் விழும்படி இசை ஏறும். நம்மைப் பொத்தான் அழுத்தாமல் உட்கார வைக்கும் வேலை அது. விளம்பரத்துக்குச் சற்று முன் மாட்டுகிற ஆள் அநேகமாகக் கொலையாளி இல்லை. விளம்பரம் இல்லாமல் இணையத்தில் பார்த்தாலும் அந்த வெட்டு தெரியும். திரை ஒரு கணம் கறுத்து, ஊரின் தெருவை வெளியிலிருந்து காட்டிவிட்டு மறுபடி தொடங்கும். அந்தக் கறுப்பை எண்ணிக்கொண்டு வந்தால் கதை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நான்காவது, ஐந்தாவது கறுப்புக்குள் போலீஸ் பிடிக்கிற ஆள் தப்பான ஆள். அவர் கதாநாயகியின் தோழியாகவோ உறவாகவோ இருப்பார். அப்படி இருந்தால்தானே இவர் துப்பறியக் கிளம்ப முடியும்!

உண்மையான துப்பு பெரும்பாலும் வாய்த் தவறில்தான் இருக்கும். ஓர் உதாரணம் கற்பனை செய்வோம். கடைக்காரர் செத்துக் கிடக்கிறார். கதாநாயகி பூக்கடைக்குப் போய் “அவர் இறந்துட்டார்” என்று மட்டும் சொல்கிறார். பூக்கடைக்காரர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்து, “பாவம், ராத்திரி நேரத்துல தனியா இருந்திருக்கார்” என்கிறார். ராத்திரி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த நொடியே பூக்கடையில் நாய் ஒன்று தொட்டியைத் தள்ளிவிடும், எல்லாரும் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம். துப்பை வைத்த கையோடு சிரிப்பை வைத்து மூடுவது இந்தப் படங்களின் பழைய வித்தை. எனவே சிரிப்பு வந்ததும் அதற்கு முந்தின வாக்கியத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

குறிப்பெடுக்கப் பிடிக்கும் என்றால் தாளில் மூன்று கட்டம் போதும்: எங்கே இருந்ததாகச் சொன்னார், செத்தவரைக் கடைசியாக எப்போது பார்த்ததாகச் சொன்னார், சாவால் அவருக்கு என்ன லாபம். நான்காவதாக ‘முழி சரியில்லை’ என்று ஒரு கட்டம் போட்டுவிடாதீர்கள். முழி சரியில்லாதவர்கள் எல்லாம் நம்மைத் திசைதிருப்ப வந்தவர்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கீழே ஓடும் மலாய் எழுத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்கிறேன். பாதிப் படத்தில் குழம்பி, “நீ சொல்றது ஒண்ணும் ஒட்டல” என்று எழுந்து போய்விடுகிறார். என்ன தவறு செய்கிறேன்?
– செம்பனை ஆலை ஊழியர்

தவறு உங்களுடையது மட்டுமில்லை, மூன்று மொழிக்கும் பங்கு உண்டு.

முதலில் ஆண், பெண். மலாயில் அவனும் ‘டியா’, அவளும் ‘டியா’. திரையில் ஒருத்தர் “அவள் பின்கதவு வழியாகப் போனாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், காதில் விழுந்தவருக்கு அது ஒரு துப்பு. மலாய் எழுத்தை மட்டும் படித்தவருக்கு ‘டியா’ போனார், அவ்வளவுதான். அதைத் தமிழில் சொல்லும்போது நீங்கள் பழக்கத்தில் “அவன் போனான்” என்று சொல்லியிருப்பீர்கள். அம்மா ஆண்களை எல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு போக, கடைசியில் சித்தி கொலைகாரியாக வந்து நின்றால் எப்படி ஒட்டும்? மறுபக்கமும் உண்டு. கதையே வேண்டுமென்று மறைக்கிற இடத்தில் நீங்கள் அவிழ்த்துவிடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான். உறுதியாகத் தெரியாதவரை “அந்த ஆளு”, “கொலை செஞ்சவங்க” என்றே சொல்லுங்கள். நம் ‘அவங்க’ இந்த விஷயத்தில் ‘டியா’வுக்குச் சளைத்ததில்லை.

அடுத்தது உறவு. பெரிய குழப்பம் இங்கேதான். ஆங்கிலத்தில் கசின், மலாயில் செபுப்பு. இரண்டிலும் பெரியப்பா மகனும் ஒன்று, மாமன் மகனும் ஒன்று. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும், தேர்ந்த உடனே கேட்கிறவர் மனதில் கதை ஓடத் தொடங்கிவிடும். “பங்காளி” என்று சொன்னால் அம்மா சொத்துத் தகராறு என்று முடிவு கட்டிவிடுவார். “மாமன் மகன்” என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இவனைத்தான் கட்டப் போகிறார்கள் என்று காத்திருப்பார். படத்தில் இரண்டுமே இருக்காது! ஆங்கில சிஸ்டர் இன் லாவும் மலாய் இப்பாரும் இப்படித்தான். நமக்கு அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள் என்று ஆளுக்கொரு குணம் உண்டு. உறவு எந்த வழி என்று படமே சொல்லும்வரை “சொந்தக்காரர்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உயில் வாசிக்கும் காட்சி வந்தால் அங்கே அநேகமாகத் தெளிவாகும். அப்போது ஒருமுறை நிறுத்தி, யார் யாருக்கு என்ன முறை என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு வரியையும் சொல்லாதீர்கள். திரையின் கீழே இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. எழுத்துப் போடுகிறவரே பாதியைச் சுருக்கியிருப்பார், அதை நீங்கள் மறுபடி சுருக்கினால் சக்கைதான் மிஞ்சும். காட்சி ஓடும்போது வாயை மூடிக்கொண்டு, விளம்பரத்தில் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள்: யார் என்ன பொய் சொன்னார், யாருக்கு அது தெரியும். முகத்தைப் படிக்க அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

சாயங்காலப் படத்தில் கடைசி பத்து நிமிடம் வரும்போது மழை வந்து படம் போய்விடுகிறது. பதிவு செய்து வைத்தாலும் அந்த இடம் ஓட்டையாக இருக்கிறது. டிகோடர் கெட்டுவிட்டதா?
– ஓய்வுபெற்ற தண்டல்

கெடவில்லை. அஸ்ட்ரோ போன்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு நம் வீட்டுக்கு வருவது கேயு-பேண்ட் என்ற உயர் அதிர்வெண்ணில், 12 கிகாஹெர்ட்ஸ் அருகில். கனத்த மழைத்துளி அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். நம் மேற்குக் கரையில் இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகும் சாயங்காலத்திலும்தான் கட்டிக்கொண்டு வரும். அது படத்தின் முடிவோடு மோதுவது நம் தலைவிதி. பதிவுப் பெட்டியும் கூரை மேல் இருக்கும் அதே டிஷ் தட்டிலிருந்துதான் வாங்கிப் பதிகிறது, தட்டுக்கு வராதது பெட்டிக்கும் வராது. அதே படம் நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ மறுபடி வந்தால் அதைப் பதியுங்கள். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்னாலும் முடிவுக்கு 10 நிமிடம் பின்னாலும் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கொலையாளி வாய் திறக்கும்போது பதிவு முடிந்துவிடும்.

கனத்த மழையில் போய், மழை தணிந்ததும் திரும்பினால் சரி. தூறலுக்கே போகிறது, அல்லது மழை விட்ட பிறகும் வர மறுக்கிறது என்றால் வேறு கோளாறு. தட்டின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற அலை வாங்கும் சிறு கருவியில் கம்பி திருகும் இடத்தைப் பாருங்கள். ரப்பர் உறை வெடித்துத் தண்ணீர் இறங்கியிருந்தால் உள்ளே பச்சைப் பூத்திருக்கும். அந்த முனையை வெட்டிப் புதிது போட வேண்டும். தட்டு அசைந்திருக்கலாம், ஓர் அங்குலத்துக்கும் குறைவான அசைவே போதும். மரக்கிளையும் காரணமாகும். அஸ்ட்ரோவை அனுப்பும் மீசாட் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய தலைக்கு மேலே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து. ஆகவே தூரத்துச் செம்பனை வரிசை தடையில்லை, வீட்டுக்கு மேற்கே கூரையை ஒட்டி வளர்ந்த ரம்புத்தான்தான் தடை. கூரை மேல் நீங்கள் ஏற வேண்டாம், ஆளை வைத்துச் செய்யுங்கள்.

இடி மழை நெருங்கும் முன்பே மின்சாரச் சொருகியோடு தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றுங்கள். சொருகியை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் மறுநாள் புதுப் பெட்டிக்கு அலைவார்கள்.

கைப்பேசித் தரவில் பார்ப்பதாக இருந்தால் எச்.டி. தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும். சாதாரணத் தரத்தில் 1 ஜிபிக்குள் அடங்கும். ஒரு படத்துக்கு 4 ஜிபிக்கு மேல் கொடுப்பதா, ஒன்றரைக்குள் முடிப்பதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகக் கூரை மேல் மழை அடிக்கும்போது படத் தெளிவைவிட எழுத்துதான் முக்கியம். காது கேட்காதவர்களுக்கான ஆங்கில எழுத்து இருந்தால் போட்டுவிடுங்கள்.

இந்தப் படங்களில் வரும் அவ்வளவு சின்ன ஊரில் இத்தனை கொலையா?
– ஒட்டுக்கடை வாசகர்

1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷீ ரோட்’ என்ற அமெரிக்க மர்மத் தொடரில் 264 பகுதி. கதாநாயகியின் ஊர் கேபட் கோவ் என்ற சின்ன ஊர். பாதியில் கதாசிரியர்களே அவரை நியூயார்க்குக்கும் அனுப்பிவைத்தார்கள். ஊரில் ஆள் மிச்சம் இருக்க வேண்டாமா?

புதுப் படம் அமெரிக்காவில் வந்ததும் முடிவு எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்துவிடுகிறது. எப்போதிலிருந்து கைப்பேசியை மூடி வைப்பது?
– கல்லூரி மாணவி

அமெரிக்கக் கிழக்கு நேரம் ஞாயிறு இரவு 8 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 8 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் இருப்பதால் நமக்கு 9. இரண்டு மணி நேரம் கழித்து முடிவு தெரிந்துவிடும். திங்கள் காலை பத்து மணி விரிவுரை உங்களைக் காப்பாற்றலாம்.

பத்து வயது மகளோடு பார்க்க, கொலையே இல்லாத மர்மப் படம் உண்டா?
– தாதி

‘சைன்ட், சீல்ட், டெலிவர்ட்’ தொடரைத் தேடுங்கள். 2013-இல் ஒரு படமாகத் தொடங்கி, 2014-இல் வாரத் தொடராக ஓடி, பிறகு மீண்டும் தனித்தனிப் படங்களாக வந்துகொண்டிருக்கிறது. டென்வர் நகர அஞ்சலகத்தில் நாலு ஊழியர்கள், போய்ச் சேராத கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பார்கள். கிழிந்த உறை, அழிந்த முகவரி, பத்து வருடம் தாமதம். யார் எழுதியது, யாருக்கு, இப்போது அவர் எங்கே என்பதுதான் மர்மம். அமெரிக்க அஞ்சல் துறையில் இப்படி ஒரு பிரிவு 1825-லேயே இருந்தது. இப்போது அது அட்லாண்டா நகரில் இயங்குகிறது.

ஒரே எச்சரிக்கை: இந்தத் தொடரை வரிசையில்தான் பார்க்க வேண்டும். அந்த நால்வர் கதை ஒரு படத்திலிருந்து மறு படத்துக்கு இழுத்துக்கொண்டே போகும். தோட்ட ஆபீசுக்கு வந்த கடிதத்தைக் கிராணி (தோட்ட எழுத்தர்) வாசித்துக் காட்டக் கேட்ட பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் கூட உட்கார வையுங்கள்.

படம் பார்க்க ஆறு பேர் வருகிறார்கள். என்ன பலகாரம்?
– இல்லத்தரசி

சுண்டல். கொண்டைக்கடலை 300 கிராம், எட்டு மணி நேரம் ஊற வேண்டும், குக்கரில் ஐந்தாறு விசில். முறுக்கும் கச்சாங் பூத்தேயும் வேண்டாம். ஆறு வாய் கடித்தால் பூக்கடைக்காரரின் வாய்த் தவறு காதில் விழாது.

நம் ஊரை வைத்து இப்படி ஒரு தமிழ் டெலிமூவி எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– இளைஞர், தோட்டத்து வாசகர்

கொலையிலிருந்து தொடங்காதீர்கள், துப்பறிகிறவரிடமிருந்து தொடங்குங்கள். எல்லா வீட்டுக்குள்ளும் காரணத்தோடு நுழையக்கூடிய ஆள் வேண்டும். கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டு வருபவர், வீடு வீடாகப் போகும் டியூஷன் ஆசிரியை, அளவெடுக்கும் தையல்கார அக்கா. போலீஸ்காரர் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். சந்தேகத்துக்கு நாலைந்து பேர் போதும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து 85 முதல் 90 பக்கத்தில் முடியுங்கள். கொலையாளியைப் பதினைந்தாம் பக்கத்துக்குள் ஏதாவது நல்ல காரியம் செய்ய வையுங்கள்.

துப்பு இந்த மண்ணுக்கே உரியதாக இருந்தால் வெளியூர்க்காரர் எழுத முடியாத கதை கிடைக்கும். ஒன்று தருகிறோம். பால்மரத்தை (ரப்பர்) விடியும் முன்னே, குளிர்ச்சியில்தான் பால் எடுக்கப் பட்டையில் வெட்டுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள், பால் வெட்டுக் கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) தண்ணீர் சேரும். ஒருவன் “அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு மரம் வெட்டிக்கிட்டிருந்தேன்” என்கிறான். முப்பது பக்கத்துக்கு முன்னால், வேறெதற்கோ, ஓர் அம்மா “முந்தின ராத்திரி கொட்டின மழையில துணி ஒண்ணும் காயல, விடியிற வரைக்கும் விடல” என்று சலித்துக்கொண்டிருப்பார். அந்தச் சலிப்பை ஒரு சிரிப்புக்கு முன்னால் வையுங்கள்.